"டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லி அனுப்பாதீர்கள்

தமிழகத்துத் தோல் மருத்துவர்களுக்குக் கொல்கத்தாவிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழச்சி நான். கல்லூரி நாளிலிருந்தே சொரியாசிஸ் உள்ளவள். தமிழும் வங்காளியும் சரளமாக வரும் என்பதால், அக்கம்பக்கத்தில் யாராவது வைத்தியத்துக்குத் தெற்கே புறப்பட்டால் பேச்சுத்துணைக்கு என்னையும் கூப்பிடுவார்கள். முடிந்தபோதெல்லாம் போவேன். ஹௌராவிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். முன்பதிவு கிடைக்காமல் உட்கார்ந்தபடியே வந்து சேருகிறவர்கள் உண்டு. வயலில் ஒரு துண்டை அடகு வைத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. வேலூரில் மருத்துவமனையைச் சுற்றியுள்ள சந்துகளில் லாட்ஜ் பலகை முதல் மீன்சோறு வரை வங்காள எழுத்தில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "தெற்கத்தி டாக்டர் பொறுமையாகப் பார்ப்பார்" என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. அந்தப் பெயரை எடுத்தவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

உங்கள் அறையில் நடப்பதை நோயாளியாகவும் பார்த்திருக்கிறேன், மொழிபெயர்ப்பவளாகவும் பார்த்திருக்கிறேன். கையை நீட்டச் சொல்கிறீர்கள். முழங்கை, முழங்கால், தலை, நகம் எல்லாம் பார்க்கிறீர்கள். மூட்டு வலிக்கிறதா என்று கேட்கிறீர்கள். களிம்பும் மாத்திரையும் எழுதி, எதை எப்போது பூச வேண்டும் என்று விளக்குகிறீர்கள். நாங்கள் ஃபைலைக் கட்டிக்கொண்டு எழுந்திருக்கும்போது கடைசியாக ஒரு வார்த்தை வரும்: "டென்ஷன் ஆகாதீங்க. டென்ஷன் ஆனா இது ஜாஸ்தியாகும்." அதை நான் வங்காளியில் சொல்வேன். கேட்பவர் தலையாட்டுவார். அடுத்த டோக்கன் உள்ளே வந்துவிடும்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த மடல். அதில் பொய் ஒன்றும் இல்லை. மனசு கலங்கினால் சொரியாசிஸ் வெடிக்கும், கரப்பான் கிளம்பும், அரிப்பு ஏறும் என்பது எங்களுக்கு உடம்பாலேயே தெரியும். ஆனால் நோய் அந்தத் திசையில் மட்டும் நடப்பதில்லையே. அரிப்பு தூக்கத்தைத் தின்கிறது. தூங்காத மனசு துவண்டு போகிறது. துவண்டவர்களுக்கு மருந்து பூசக் கை எழுவதில்லை. பூசாத தோல் மறுபடி வெடிக்கிறது. இதில் எந்த இடத்தில் நோயாளி தானாக விரும்பி டென்ஷனை வரவழைத்துக்கொண்டார்? "டென்ஷன் ஆகாதே" என்று சொல்லி அனுப்பிவிட்டால், இனித் தோல் வெடிப்பதெல்லாம் அவர் குற்றம் என்றாகிவிடுகிறது. வீட்டில் அதை அப்படியேதான் எடுத்துக்கொள்கிறார்கள். "டாக்டரே சொன்னார், எல்லாம் நீ இழுத்துவிட்டுக்கொள்வதுதான்" என்று மாமியாரோ கணவரோ சொன்னபின் அந்தப் பெண் என்ன பேச முடியும்? சர்க்கரை நோயாளியிடம் "சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கொள்" என்று மட்டும் சொல்லி, அளந்து பார்க்காமல் எந்த டாக்டரும் அனுப்புவதில்லை. எங்கள் மனசை மட்டும் அளக்காமலே அறிவுரை சொல்லி அனுப்புகிறீர்கள்.

நீங்கள் பார்ப்பது ஐந்து நிமிடத் தோல். மிச்ச நேரத்தையும் கொஞ்சம் சொல்கிறேன். காலையில் வீட்டில் யாரும் எழும்முன் படுக்கை விரிப்பை உதற வேண்டும். தரையில் விழுந்த செதிலைப் பெருக்கிக் காகிதத்தில் மடித்துக் குப்பைக்கூடையின் அடியில் போட வேண்டும். மேலாகக் கிடந்தால் யார் கண்ணிலாவது படும். தார்க் களிம்பின் நெடி தலையணையை விட்டுப் போகாது. கொல்கத்தாவின் மே மாதப் புழுக்கத்திலும் முழுக்கை ரவிக்கைதான். துர்கா பூஜைக்குத் துணி எடுக்கக் கரியாஹாட் போனால் மற்றவர்கள் கரையைப் பார்ப்பார்கள், நான் கையின் நீளத்தைப் பார்ப்பேன். கறுப்புத் துணி எனக்குக் கிடையாது, தோளில் உதிர்வது தெரியும் என்பதால். ஒரு வருஷம் அஷ்டமி காலையில் பந்தலில் புஷ்பாஞ்சலிக்கு நின்றேன். கூடையிலிருந்து பூ எடுத்து வரிசையாக ஒவ்வொரு கையிலும் வைத்துக்கொண்டே வந்தவர், என் கைக்கு வந்ததும் தன் கையை ஒரு சாண் உயர்த்தி மேலிருந்து பூவைப் போட்டார். ஒன்றும் சொல்லவில்லை. முகம்கூட மாறவில்லை. அடுத்த கைக்குப் போய்விட்டார். மந்திரம் முழுவதும் நான் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றேனே தவிர, ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. அதற்கப்புறம் அஞ்சலிக்குப் போவதையே விட்டுவிட்டேன். இது தோல் நோயா, மனநோயா? எந்த டாக்டரிடம் இதைச் சொல்வது?

உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறேன் என்று தள்ளிவிடாதீர்கள். கணக்கு நீங்கள் படிக்கும் இதழ்களிலேயே இருக்கிறது. பிரிட்டனின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2010-இல் வெளியான ஆய்வு, சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு நோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட 39 சதவீதம் கூடுதல் என்றும், தற்கொலை சார்ந்த ஆபத்து 44 சதவீதம் கூடுதல் என்றும் சொன்னது. 2015-இல் வெளியான இன்னொரு ஆய்வில், 13 ஐரோப்பிய நாடுகளில் தோல் புறநோயாளிப் பிரிவுக்கு வந்த 3,635 பேரைப் பார்த்தார்கள். மனச்சோர்வு நோய் அவர்களில் 10.1 சதவீதம் பேருக்கு இருந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்ட மற்றவர்களில் 4.3 சதவீதம். தற்கொலை எண்ணம் உண்டு என்றவர்கள் 12.7 சதவீதம், ஏறத்தாழ எட்டில் ஒருவர். இவர்களை மனநல மருத்துவமனை வாசலில் தேடிப் பிடிக்கவில்லை, டாக்டர். தோல் டாக்டரைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள். கேட்டார்கள், அதனால் சொன்னார்கள்.

நம் ஊரில் கேட்பதில்லை என்பதோடு, கேட்டாலும் பதில் வராத ஒரு நிலைமையும் இருக்கிறது. நதியா மாவட்டத்து இளம்பெண் ஒருத்திக்காக ஒரு மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு கையிலும் கரப்பான். வெடித்து நீர் கசிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மாமியார். டாக்டர் நல்லவர். "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்கத்தான் செய்தார். நான் வங்காளியில் கேட்டு முடிப்பதற்குள் மாமியார் "கிச்சு நா" என்றுவிட்டார், ஒன்றுமில்லையாம். நானும் ஒன்றுமில்லை என்று தமிழில் சொன்னேன். வெளியே மருந்து வாங்கும் வரிசையில், மாமியார் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், அந்தப் பெண் பேசினாள். அடுப்படிக்குள் விடுவதில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்ட விடுவதில்லை. ராத்திரி தூக்கம் இல்லை. எழுந்துபோய்க் குளத்தங்கரையில் உட்கார்ந்துவிடுகிறாள். அங்கே எதற்கம்மா போகிறாய் என்று கேட்டேன். பதில் இல்லை. மருந்துச் சீட்டைப் பார்த்தேன்: ஒரு களிம்பு, ஒரு அரிப்பு மாத்திரை, சோப்பு தவிர்க்கவும். மறுபடி உள்ளே போக வேண்டும் என்று கேட்டதற்கு அடுத்த தேதிக்கு வரச் சொன்னார்கள். அவர்களுக்கு மறுநாள் ரயில். ஊர் திரும்பியபின் அவள் வீட்டாரைச் சம்மதிக்க வைத்து ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போக எனக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. அந்த மாதங்களில் தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் நான் பயந்துகொண்டிருந்தேன்.

ஆண்களின் கதை வேறு. மெத்தோட்ரெக்ஸேட் எழுதுமுன் அவர்களிடம் "குடிப்பீங்களா?" என்று கேட்கிறீர்கள். கல்லீரலுக்காகக் கேட்கிறீர்கள், கேட்கத்தான் வேண்டும். ஆமாம் என்றால் கண்டிப்பு விழும். எப்போதிருந்து குடிக்கிறார், எதற்காகக் குடிக்கிறார் என்ற அடுத்த கேள்வி வருவதில்லை. மினிபஸ்ஸில் எவ்வளவு கூட்டமானாலும் தன் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே போவதைப் பார்த்துப் பழகிய மனுஷன், சாயங்காலம் எங்கே போவான்? கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் தவறாமல் பரிசோதனை எழுதுகிறீர்கள். அப்ரெமிலாஸ்ட் மாத்திரையின் தகவல் தாளில், மனச்சோர்வு வரலாம், கவனிக்க வேண்டும் என்று எச்சரிக்கையே அச்சாகியிருக்கிறது. அதை எழுதும்போது "முன்னால் எப்போதாவது மனசு ரொம்ப உடைஞ்சு போயிருக்கா?" என்று கேட்க ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, செலவும் இல்லை.

கூடுதலாக ஒரு கேள்வி கேட்டால் என்னவெல்லாம் வெளிவரும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி. 1983-இல் கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் டாக்டர் க்ஷிதீஷ் சந்திர சாஹாவிடம் 24 பர்கானாவின் கிராமத்து ஜனங்கள் வந்தார்கள். உடம்பெங்கும் மழைத்துளி தெறித்தாற்போலப் புள்ளிகள்; உள்ளங்கையும் உள்ளங்காலும் காய்ப்புக் காய்த்துக் கிடந்தன. அவர் களிம்பு எழுதுவதோடு நிற்கவில்லை. என்ன தண்ணீர் குடிக்கிறார்கள் என்று தேடிப்போனார். குழாய்க் கிணற்று நீரில் ஆர்செனிக் இருந்தது. மேற்கு வங்காளத்தையே பிடித்திருந்த நஞ்சு முதலில் தெரிந்தது ஒரு தோல் டாக்டரின் கண்ணுக்குத்தான். பிறகு ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி குழுவினர் மாவட்டம் மாவட்டமாகப் போய்க் கிணற்று நீரை அளந்தார்கள். அந்தப் புள்ளிகளைக் குஷ்டம் என்று நினைத்து ஊர் ஒதுக்கியதும், கட்டிக்கொடுத்த பெண்களைப் பிறந்தகத்துக்குத் திருப்பி அனுப்பியதும், குமரிப் பெண்களுக்கு வரன் வராமல் நின்றதும் அவர்கள் எழுதி வைத்தவற்றிலேயே இருக்கின்றன. தண்ணீரில் எத்தனை மைக்ரோகிராம் என்று அளந்தாயிற்று. திருப்பி அனுப்பப்பட்ட பெண் எப்படித் தூங்கினாள் என்று எந்தச் சீட்டில் யார் எழுதினார்கள்?

இன்னும் பின்னால் போனால் 1922. காலா அசார் குணமான பின்னும் தோலில் தங்கிவிடும் நோயை உபேந்திரநாத் பிரம்மச்சாரி முதன்முதலாக விவரித்த ஆண்டு அது. அதே ஆண்டில், இதே ஊரில், கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கினார். தோலைப் பற்றிய அறிவும் மனத்தைப் பற்றிய அறிவும் ஒரே நகரத்தில் அக்கம்பக்கமாக வளர்ந்திருக்கின்றன. நூறு வருஷம் ஆகியும் ஒரு நோயாளியின் ஃபைலில் இரண்டும் சேர்ந்து வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

"அது மனநல டாக்டரின் வேலை, அங்கே அனுப்பலாமே" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அனுப்பினால் போவார்களா என்று யோசியுங்கள். இங்கே கோப்ரா என்று ஒரு பகுதி. தொழுநோயாளிகளுக்கென்று வெள்ளைக்காரர் காலத்து ஆல்பர்ட் விக்டர் விடுதி அங்கேதான் இருந்தது. மனநோயாளிகளுக்கான பாவ்லோவ் மருத்துவமனையும் அதே கோப்ராவில்தான். தன் கண்ணில் படக்கூடாது என்று ஊர் நினைத்த இரண்டு வகை மனிதர்களையும் ஒரே ஓரத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். தோலுக்காக ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவளிடம் மனநல டாக்டரின் பெயரெழுதிய சீட்டை நீட்டினால், பைத்தியம் என்ற பட்டத்தையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றுதான் அவள் பயப்படுவாள். தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கேட்கலாம் என்றிருந்த சட்டப் பிரிவை நீக்கவே 2019 ஆயிற்று. சட்டமே அவ்வளவு தாமதமாக மனம் மாறும்போது, கிராமத்து வீடு ஒன்று ஒரு சீட்டில் மாறிவிடாது. போதாததற்கு இந்த நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல டாக்டர்கூட இல்லை. உங்களிடம் வர மட்டும் அவளுக்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கையைக் காட்டினால் போதும், வீட்டாரே கூட்டி வருகிறார்கள். அவள் மனசைப் பற்றி ஒரு டாக்டர் கேட்கக்கூடிய இடம் உங்கள் அறை ஒன்றுதான்.

நேரம் இல்லை என்பீர்கள். அரசு மருத்துவமனைத் தோல் பிரிவின் காலை வரிசையை நானும் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் கதை கேட்க முடியாது என்பது தெரியும். ஆனால் நாங்கள் வெளியே மணிக்கணக்கில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம். அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கார்டிஃபைச் சேர்ந்த ஃபின்லேயும் கானும் 1994-இல் வெளியிட்ட டி.எல்.க்யூ.ஐ. என்ற பத்துக் கேள்வித் தாள் உங்களுக்குத் தெரியாததல்ல. தமிழிலும் இருக்கிறது, வங்காளியிலும் இருக்கிறது. சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். அதன் நாலாவது கேள்வி என்ன துணி உடுத்துகிறோம் என்பதைத் தோல் எவ்வளவு பாதித்தது என்று கேட்கிறது. அதை முதன்முதலாகப் படித்தபோது, என் அலமாரியைத் திறந்து பார்த்த யாரோ எழுதியது போலிருந்தது எனக்கு. முப்பதுக்குப் பத்தைத் தாண்டினாலே வாழ்க்கை பெரிய அளவில் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு மட்டும் அந்தத் தாளை எடுக்காதீர்கள், தினசரி ஓ.பி.யில் கொடுங்கள்.

அந்தத் தாளின் அடியில் இன்னும் இரண்டு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, நம்பிக்கையற்றுப் போனதா? மனச்சோர்வைச் சல்லடை போட உலகம் முழுக்கப் பயன்படும் கேள்விகள் இவை. எழுத்தில் இருப்பதில் ஒரு பெரிய நன்மை உண்டு: மாமியார் குறுக்கே பேச முடியாது, என்னைப் போன்ற மொழிபெயர்ப்பவளும் தேவையில்லை. படிக்கத் தெரியாதவர்களுக்கு நர்ஸ் தனியாக உட்காரவைத்துக் கேட்கட்டும். இரண்டில் ஒன்றுக்காவது ஆமாம் என்று வந்தால், கூட வந்தவர்களை ஒரு நிமிடம் வெளியே அனுப்பிவிட்டு நீங்களே கேளுங்கள், சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா என்று. கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். கேட்பவர் யாருமில்லை என்ற நிலைமைதான் எங்களைக் குளத்தங்கரைக்குக் கொண்டுபோகிறது.

ஆமாம் என்றால் என்ன செய்வது? உங்கள் மருத்துவமனையின் மனநலப் பிரிவோடு பேசி, வாரத்தில் ஒரு வேளை அவர்களில் ஒருவரைத் தோல் ஓ.பி.யிலேயே உட்காரச் சொல்லுங்கள். வேறு கட்டடம், வேறு சீட்டு என்றால் போகாதவர்கள், "இவரும் நம்ம தோல் பிரிவில்தான் இருக்கார், பேசிட்டுப் போங்க" என்றால் உட்காருவார்கள். தனியாக மருத்துவமனை நடத்துகிறவர்கள் மருந்துச் சீட்டின் அடியில் ஒரு எண்ணை அச்சடித்துவிடலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவி, எண் 14416. காசில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் வங்காளியிலும் பேசலாம். சென்னையில் 1986 முதல் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது. இதெல்லாம் தனி டாக்டர் ஒருவரால் ஆகிற காரியமா என்று கேட்டால், உங்கள் சங்கம் நினைத்தால் ஆகும் என்பேன். மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைத்து, முகத்தைக் கெடுத்துக்கொண்டிருந்த ஸ்டீராய்டு களிம்புகளுக்கு எதிராகத் தோல் மருத்துவர்கள் வருஷக்கணக்கில் போராடினீர்கள். கொல்கத்தாவின் கௌசிக் லாஹிரி போன்றவர்கள் விடாமல் பேசினார்கள். 2018-இல் 14 ஸ்டீராய்டு களிம்புகள் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத அட்டவணைக்குள் வந்தன. முகத்தைக் காப்பாற்ற அவ்வளவு பாடுபட்ட உங்களால் இதற்கும் முடியும்.

கடைசியாக, அந்த வார்த்தை. "டென்ஷன் ஆகாதீங்க" என்பதற்குப் பதிலாக "ராத்திரி தூங்குறீங்களா? மனசு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். வங்காளிகள் வந்தால் "ராத்தே கூம் ஹோய்? மொன்டா கேமோன் ஆச்சே?" என்று கேளுங்கள். உச்சரிப்பு பிசகினாலும் பரவாயில்லை, புரிந்துகொள்வார்கள். தெற்கத்தி டாக்டர் தன் மொழியில் தன் தூக்கத்தைக் கேட்டார் என்பதை அவர்கள் ஊருக்குப் போய்ச் சொல்வார்கள்.

பூஜை முடிந்ததும் இங்கிருந்து தெற்கே வரும் ரயில்கள் நிரம்பிவிடும். அதற்குள் தாளை அச்சடித்து வைத்துவிடுங்கள். வங்காளி வாசகத்தைச் சரிபார்க்கவும், உங்கள் வழக்கத்துக்கேற்ப எழுதிக்கொடுக்கவும் ஆள் வேண்டுமென்றால் நானிருக்கிறேன். காசு எதுவும் வேண்டாம். நதியாப் பெண்ணுக்கு அடுத்த தேதி தை மாதம். உங்களில் ஒருவரிடம்தான் வருகிறாள், நானும் கூட வருவேன். மாமியாரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் கேளுங்கள், அவள் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் நான் தமிழில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
கொல்கத்தாவிலிருந்து உங்கள் நோயாளி